ஏரிச் சேற்றில் டிடர்ஜென்ட் எச்சம்: மெத்திலீன் நீலம் காட்டும் எண்ணை நம்பலாமா?

வண்டல்மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கு எடுத்திருப்பது தென்பெண்ணையின் மேல்பகுதி. பெங்களூரு பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளில் இருந்து வழியும் தண்ணீர் தட்சிண பினாகினியில் சேர்ந்து, மாநில எல்லை தாண்டி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகுக்குக் கீழே வெள்ளையாக நுரை பொங்கி நிற்கும் படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை அளந்தவர்கள் நிறைய. அடியில் கிடக்கும் சேற்றை அளக்கலாம் என்று நான் இறங்கியிருக்கிறேன்.

கல்லூரியில் இருப்பது ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) மட்டும். அதனால் தண்ணீருக்குச் செய்யும் மெத்திலீன் நீல முறையையே (எம்பிஏஎஸ்: டிடர்ஜென்டோடு சேரும் நீலச் சாயத்தின் நிறத்தை அளப்பது) எடுத்துக்கொண்டேன். ஈரச் சேற்றை வடிநீரில் குலுக்கி, வடிகட்டி, சாயம் சேர்த்து, குளோரோஃபார்மில் இழுத்து, 652 நானோமீட்டரில் படித்தேன்.

வந்த முடிவுதான் குழப்பம். சாக்கடை எதுவும் கலக்காத, புங்கமரமும் கருவேலமும் சூழ்ந்த ஒரு சின்னக் குட்டையை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேன். அதன் சேற்றில் அளவு அதிகமாக வருகிறது. நுரை நிற்கும் வாய்க்காலின் கறுப்புச் சேற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்கிறது கருவி. சிலவற்றில் சாயம் சேர்த்ததும் நீலமே வெளுத்துப் போகிறது. திரும்பச் செய்தாலும் அதேதான். எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.

நீலச்சாயம் எழுதியது:

நல்ல கேள்வி மா. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இந்தச் சோதனையைச் செய்தவள். உன் இரண்டு முடிவுக்கும் காரணம் தனித்தனி.

முதலில் அந்தக் கறுப்புச் சேறு. அழுகிய முட்டை வாசனை அடித்திருக்குமே? அது சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்ஃபேட்டை நுண்ணுயிர்கள் சல்ஃபைடாக மாற்றிவிடும். சல்ஃபைடு மெத்திலீன் நீலத்தை ஒடுக்கி நிறமற்ற வடிவத்துக்குக் கொண்டுபோய்விடும். சாயமே போன பிறகு எதை அளப்பது? பிரிபுனலில் குலுக்கும்போது மேலே நிற்கும் தண்ணீர் அடுக்கைப் பார். அதில் நீலம் மிச்சம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: சாயம் போதாத அளவுக்கு நுரைப்பொருள் (டிடர்ஜென்டில் நுரை தரும் பொருள்) இருக்கிறது, இல்லையென்றால் சாயத்தை ஏதோ தின்றிருக்கிறது. மாதிரியை நன்றாக நீர்த்துத் திரும்பச் செய்தால் முதலாவதா என்று தெரியும். இரண்டாவது என்றால் குளோரோஃபார்ம் சேர்ப்பதற்கு முன்பே 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விட்டு சல்ஃபைடை முறித்துவிடு.

அடுத்து அந்த மரத்தடிக் குட்டை. இந்தச் சோதனை டிடர்ஜென்டைத் தேடுவதில்லை. மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமும், கொஞ்சம் கொழுப்பில் கரையும் தன்மையும் உள்ள எது கிடைத்தாலும் அதோடு ஜோடி சேர்ந்து குளோரோஃபார்முக்குள் இறங்கிவிடும். இலை மக்கிய ஹியூமிக் அமிலங்கள் அப்படிப்பட்டவைதான். குடிதண்ணீரில் இது பெரிய தொல்லை இல்லை. மக்கு நிறைந்த சேற்றில் இதுதான் முதல் தொல்லை. நீ அங்கே அளந்தது பெரும்பாலும் புங்க இலை.

குளோரைடும் நைட்ரேட்டும் கூட ஏமாற்றும். ஆனால் அவற்றின் ஜோடி பலவீனமானது. குளோரோஃபார்ம் அடுக்கை அமிலப் பாஸ்பேட் கரைசலால் திருப்பிக் கழுவினால் பெருமளவு போய்விடும். அந்தக் கழுவலைச் செய்கிறாயா? பல கல்லூரிகளில் நேரம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

குரோமட் எழுதியது:

நீலச்சாயம் மேடம் சொன்னது அத்தனையும் சரி. அதற்கும் முந்தின படி ஒன்று இருக்கிறது: சேற்றை வடிநீரில் குலுக்கினால் நுரைப்பொருள் வெளியே வராது.

துணிப்பொடியில் முக்கியமானது லீனியர் ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனேட், சுருக்கமாக எல்ஏஎஸ். ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். தண்ணீரை வெறுக்கும் அந்த 10 முதல் 13 கார்பன் சங்கிலி மக்குக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் ஒட்டும் வலு ஏறக்குறைய மூன்று மடங்கு வரை கூடும். அதனால் தண்ணீரில் குலுக்கும்போது லேசாக ஒட்டிய சி10, சி11 (10, 11 கார்பன் சங்கிலிகள்) கொஞ்சம் வெளிவரும், சேற்றில் உண்மையில் சேர்ந்திருக்கும் சி12, சி13 அங்கேயே நிற்கும். கூடவே ஹியூமிக் மட்டும் தாராளமாகக் கரைந்து வரும். அளக்க வேண்டியதை விட்டுவிட்டு, அளக்கக் கூடாததை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி.

மெத்தனாலில்தான் இழுக்க வேண்டும். சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு இழுக்கும் கண்ணாடிக் கருவி) இருந்தால் அது பழைய, நம்பகமான வழி. இல்லையென்றால் அல்ட்ராசோனிக் தொட்டியில் மெத்தனால் ஊற்றிச் சில சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் புது மெத்தனால்.

பெண்ணைக்கரை எழுதியது:

நான் படித்த அளவுக்கு உங்கள் கெமிஸ்ட்ரி புரியாது. கெலவரப்பள்ளிக்குக் கீழே நிலம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். தண்ணீர் திறக்கும்போது நுரை காற்றில் பறந்து கரையோரம் தக்காளி மேல் வந்து உட்காருகிறது. சிலர் கம்பெனிக் கழிவு என்கிறார்கள், சிலர் சோப்புத் தண்ணீர் என்கிறார்கள். மழை வந்து தண்ணீர் பெருகினால் அழுக்கு நீர்த்துப்போய் நுரை குறைய வேண்டும் அல்லவா? இங்கே முதல் மழைக்குத்தான் நுரை அதிகம். அது ஏன்?

இன்னொன்று. ஏரி, குளத்து வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுக்கிறது. இந்தப் பாதையில் இருக்கும் வண்டலை வயலில் போடலாமா?

குரோமட் எழுதியது:

ஐயா, உங்கள் முதல் கேள்வியில்தான் இந்தப் பெண்ணின் ஆய்வே இருக்கிறது.

பெல்லந்தூர் நுரையைப் பற்றி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நிலைத்த தொழில்நுட்ப மையம் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அவர்கள் கண்டது இது. ஏரிக்குள் நுழையும் சுத்திகரிக்காத கழிவுநீர் மறுமுனைக்குப் போய்ச்சேர 10 முதல் 15 நாள் ஆகிறது. அந்த நேரத்தில் கரிமப் பொருளில் ஒரு பகுதி சிதைகிறது, மிச்சம் சேறாக அடியில் படிகிறது. நுரைப்பொருள் முழுதாகச் சிதையாமல் அந்தச் சேற்றோடு ஒட்டிக்கொண்டு கீழே போய்ச் செறிந்துகொண்டே இருக்கிறது. பெருமழையின் வெள்ளம் அடியைக் கலக்கும்போது அது திரும்பத் தண்ணீருக்குள் வருகிறது. ஏரியின் வெளிவாசலில் தண்ணீர் உயரத்தில் இருந்து விழும் இடத்தில் காற்று புகுந்து நுரை எழும்புகிறது. மிதக்கும் நுண்துகளும் அதில் உள்ள பாக்டீரியாவும் அந்த நுரை சட்டென்று உடையாமல் பார்த்துக்கொள்கின்றன. மழை அழுக்கை நீர்க்க வைப்பதற்கு முன்னால், பல மாதமாகச் சேர்ந்ததைக் கிளப்பிவிடுகிறது. உங்கள் அணையிலும் மதகுக்கு மேலே படிந்த சேறு இருக்கிறது, மதகில் தண்ணீர் விழுந்து அடிபடுகிறது. வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

எல்ஏஎஸ் காற்றோட்டமான தண்ணீரில் வேகமாகச் சிதையும், நல்ல சுத்திகரிப்பு நிலையத்தில் மிகப்பெரும் பகுதி போய்விடும். அந்தச் சிதைவின் முதல் அடி, சங்கிலியின் நுனியில் ஆக்சிஜன் சேர்வது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்த முதல் அடியே நடப்பதில்லை. பெல்லந்தூர் மாதிரி ஏரியில் மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் தாண்டினாலே சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்தது அப்படியே கிடக்கும். இவ்வளவு காலமும் நாம் தண்ணீரை மட்டும் அளந்து "இந்த மாதம் குறைவு, அந்த மாதம் அதிகம்" என்று எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமான விஷயம். கையிருப்பு அடியில் கிடக்கிறது.

வண்டலைப் பற்றி: எல்ஏஎஸ் மட்டும்தான் கவலை என்றால், உழுத வயலில் காற்று படும்போது அது சில வாரங்களில் பெரும்பாலும் சிதைந்துவிடும். டென்மார்க்கில் வயலுக்குப் போகும் கழிவுநீர்ச் சேற்றில் எல்ஏஎஸ் உலர் எடையில் கிலோவுக்கு 1300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பே வைத்தார்கள். ஆனால் நகரக் கழிவுநீர் வந்த பாதையில் நுரைப்பொருளோடு ஈயம், குரோமியம், காட்மியம் மாதிரி கனஉலோகங்களும் படிந்திருக்க வாய்ப்பு உண்டு. அவை சிதைகிற சாதி இல்லை. உலோகப் பரிசோதனை செய்யாமல் அந்த வண்டலை வயலில் போடாதீர்கள் ஐயா. மழைநீர் மட்டும் சேரும் ஊர்க் குளத்து வண்டல் வேறு, இது வேறு.

ஸ்லரிக்காரர் எழுதியது:

துணிப்பொடி தயாரிப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒரு தகவல். நாங்கள் ஆசிட் ஸ்லரி என்று சொல்வதுதான் எல்ஏஎஸ்ஸின் அமில வடிவம். பழுப்பு நிறத்தில் கெட்டியாக டிரம்மில் வரும், காஸ்டிக்கோ சோடா உப்போ போட்டு நடுநிலைப்படுத்தினால் டிடர்ஜென்ட். அதற்கு மூலப்பொருள் லேப், அதாவது லீனியர் ஆல்கைல்பென்சீன். சென்னை மணலியிலேயே அதைத் தயாரிக்கிறார்கள். லேப்பை சல்ஃபோனேட் செய்யும்போது நூறு சதவீதமும் மாறாது. கொஞ்சம் மாறாத லேப் பொடியோடே போய், துணி அலசிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும்.

இன்னொன்று. குளிக்கிற சோப்பு வேறு, துணி டிடர்ஜென்ட் வேறு. கொழுப்பில் இருந்து செய்த சோப்பு இந்த நீலச் சோதனையில் வராது. ஷாம்பூ, பாத்திரம் கழுவும் திரவம் இவற்றில் இருக்கும் எஸ்எல்இஎஸ் என்ற இன்னொரு நுரைப்பொருள் வரும். ஆனால் அது சேற்றுக்குள்ளும் சிதையக்கூடியது. அதனால் பழைய சேற்றில் நிற்பது பெரும்பாலும் எங்கள் சரக்காகத்தான் இருக்கும்.

கழிமுகம் எழுதியது:

ஸ்லரிக்காரர் சொன்ன அந்த மாறாத லேப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடலோரப் படிவு ஆய்வில் நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். 1980களில் டோக்கியோவின் ஆறுகளிலும் விரிகுடாவிலும் தகாதா, இஷிவதாரி இருவரும் இதை வீட்டுக் கழிவுநீரின் தடயமாக நிறுவினார்கள். கலிஃபோர்னியாவில் ஈகன்ஹவுஸ் அதே காலத்தில் செய்தார்.

லேப்புக்கு மின்னூட்டமே இல்லை, தண்ணீரை அடியோடு வெறுக்கும், துகளோடுதான் பயணம். ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் கலவையில் இழுத்து, சிலிக்கா தூணில் சுத்தப்படுத்தி, ஜிசி-எம்எஸ்ஸில் (பொருட்களைப் பிரித்து, உடைந்த துண்டுகளின் நிறையால் அடையாளம் காட்டும் கருவி) நிறை எண் 91, 105 உள்ள அயனிகளைப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். ஹியூமிக் தொல்லை இல்லை, சல்ஃபைடு தொல்லை இல்லை (தனிக் கந்தகம் இருந்தால் செம்புத் தூளைப் போட்டு எடுத்துவிட வேண்டும், கறுப்புச் சேற்றில் அது நிச்சயம் இருக்கும்).

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விகிதம். பென்சீன் வளையம் சங்கிலியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வகைகளை நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்னும், நடுவில் ஒட்டியவற்றைத் தாமதமாகத் தின்னும். 12 கார்பன் சங்கிலியில் 5, 6ஆம் இடத்தில் ஒட்டியவற்றின் கூட்டுத்தொகையை 2, 3, 4ஆம் இடத்தில் ஒட்டியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், சுத்திகரிக்காத பச்சைக் கழிவுநீரில் 1க்குக் கீழே இருக்கும். காற்றோட்டத்தோடு சுத்திகரித்தால் விகிதம் ஏறும். ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் போன பிறகு அது அதிகம் மாறாது. ஆகவே சேற்றில் இந்த விகிதம் தாழ்வாக இருந்தால், அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியைப் பார்க்காமலே வந்து படிந்தது என்று சொல்லிவிடலாம். "சுத்திகரித்துத்தான் விடுகிறோம்" என்று யாராவது சொன்னால் சேறு பதில் சொல்லும்.

வண்டல்மாணவி எழுதியது:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. கழிமுகம் சார், அந்த விகிதம் என் ஆய்வுக்கு அப்படியே பொருந்தும், ஏனென்றால் இந்தப் பாதையில் சுத்திகரித்த நீரும் வருகிறது, பச்சையாகவும் வருகிறது. ஆனால் ஜிசி-எம்எஸ், எச்பிஎல்சி (கரைசலில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) எல்லாம் வெளியே காசு கொடுத்துச் செய்ய வேண்டும். எல்லா மாதிரிகளையும் அனுப்ப முடியாது. நீலச் சோதனையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்?

நீலச்சாயம் எழுதியது:

போகலாம் மா, ஆனால் நடுவில் ஒரு சுத்திகரிப்புப் படி சேர்த்துக்கொள். மெத்தனால் சாற்றை நிறையத் தண்ணீர் ஊற்றி நீர்த்து, சி18 கார்ட்ரிஜ் (தண்ணீரை வெறுப்பவற்றைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்) வழியாக மெதுவாக விடு. எல்ஏஎஸ் அதில் நின்றுவிடும், உப்புகள் போய்விடும். மெத்தனால் ஊற்றி அதை இறக்கு. அடுத்து வலிமையான எதிரயனி மாற்றுக் கார்ட்ரிஜ் (எதிர்மின்னூட்டம் உள்ளவற்றைப் பிடிப்பது). அதில் சல்ஃபோனேட் இறுகப் பிடித்துக்கொள்ளும். அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தனாலால் கழுவினால் கார்பாக்சில் அமில வகைகள், ஹியூமிக்கில் பெரும்பகுதி, கழன்று போகும். கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலால் எல்ஏஎஸ்ஸை இறக்கு. மெத்தனாலை முழுக்க ஆவியாக்கி, தண்ணீரில் கரைத்து, நடுநிலைப்படுத்தி, பிறகு நீலச் சோதனை.

இதைச் செய்த பிறகு உன் மரத்தடிக் குட்டையின் எண் சரிந்து விழும். சரியவில்லை என்றால் கார்ட்ரிஜ் கழுவலை இன்னும் கவனி.

குரோமட் எழுதியது:

மேடம், இதில் மட்டும் கொஞ்சம் முரண்படுகிறேன். கார்ட்ரிஜ் போட்டுச் சுத்தம் செய்த பிறகும் நீலச் சோதனை ஒரே ஒரு எண்ணைத்தான் கொடுக்கும். சி10 எவ்வளவு, சி13 எவ்வளவு என்று அது சொல்லாது. சேற்றில் உண்மையிலேயே எல்ஏஎஸ் இருக்கிறதா என்பதற்கு எனக்கு இருக்கும் பெரிய சாட்சி அந்த வரிசைதான். பொடியில் இருக்கும் வரிசையைவிடச் சேற்றில் நீளச் சங்கிலிகள் ஓங்கியிருக்க வேண்டும், மேலே நிற்கும் தண்ணீரில் குட்டைச் சங்கிலிகள். அந்தச் சாய்வு தெரிந்தால் மனது நிம்மதி. எச்பிஎல்சியில் 225 நானோமீட்டர் அருகே தூண்டி 295 அருகே ஒளிர்வைப் பார்த்தால் நாலு சிகரம் நாலு சங்கிலிக்கு வந்து நிற்கும். எல்சி-எம்எஸ் (அதே பிரிப்போடு நிறையையும் அளப்பது) என்றால் நிறை எண் 297, 311, 325, 339. இந்த நாலும் உடையும்போது 183 தர வேண்டும். எல்ஏஎஸ்ஸுக்கு முன் டிடர்ஜென்டில் இருந்த பழைய கிளைச்சங்கிலி வகை என்றால் 197. ஒரு எண்ணை மட்டும் காட்டி "இது டிடர்ஜென்ட்" என்று ஆய்வேட்டில் எழுதினால், கேள்வி கேட்பவர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்.

நீலச்சாயம் எழுதியது:

கருவி உள்ளவர்கள் அப்படிச் சொல்வது எளிது தம்பி. இந்த மாநிலத்தில் எத்தனை கல்லூரியில் எல்சி-எம்எஸ் இருக்கிறது? இந்தப் பெண் கேட்பது, நிறைய இடங்களில் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று தெரிந்துகொள்வதற்கு. அந்த வேலைக்கு, சுத்தம் செய்த சாற்றில் நீலச் சோதனை போதும். ஒப்பீட்டுக் குட்டையின் அளவைக் கூடவே காட்ட வேண்டும், அவ்வளவுதான். எண்ணை "எல்ஏஎஸ்" என்று எழுதாமல் "மெத்திலீன் நீலத்தோடு வினைபுரியும் பொருள், எல்ஏஎஸ் சமானமாக" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

குரோமட் எழுதியது:

அப்படி எழுதினால் எனக்குச் சம்மதம் மேடம். எத்தனையோ கட்டுரைகளில் சுருக்கத்தில் "டிடர்ஜென்ட்" என்றும் உள்ளே "எம்பிஏஎஸ்" என்றும் இருக்கிறது. செய்தித்தாளுக்குப் போவது அந்தச் சுருக்கம். சேற்றைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை.

அப்போது நடு வழி இதுதான்: எல்லா மாதிரிகளுக்கும் சுத்தம் செய்து நீலச் சோதனை. அதிலிருந்து அதிகம், நடுத்தரம், குறைவு என்று சிலவற்றையும், ஒப்பீட்டுக் குட்டையையும் எச்பிஎல்சிக்கு அனுப்பு. இரண்டும் ஒரே திசையில் போகிறதா என்று பார். ஒப்பீட்டுக் குட்டையில் எச்பிஎல்சி ஒன்றும் இல்லை என்று சொல்லி நீலம் ஏதோ காட்டினால், அந்த மிச்சம்தான் உன் முறையின் அடிமட்டம். அதற்குக் கீழே வரும் எண்ணைப் பற்றிப் பேசாதே.

அப்புறம் மீட்பு. எல்ஏஎஸ் இல்லாத சேற்றில் தெரிந்த அளவு எல்ஏஎஸ் சேர்த்து, முழு முறையையும் நடத்தி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். சேர்த்த உடனே இழுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும், அது ஏமாற்று. ஒரு ராத்திரியாவது சேற்றோடு ஊற விடு. கழுவின மணலில் செய்து காட்டும் மீட்பை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கழிமுகம் எழுதியது:

சேற்றை எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்மேன் கிராப் (அடிச்சேற்றைக் கவ்வி எடுக்கும் பெட்டி) போட்டு அள்ளினால் எல்லாம் கலந்துவிடும். முடிந்தால் குழாயை நேராக இறக்கிக் கோர் எடுங்கள். தூக்கிப் பார்த்தால் மேலே காகிதக் கனத்துக்குப் பழுப்புத் தோல், அதற்குக் கீழே மை போலக் கறுப்பு என்று தெரியும். அந்த இரண்டையும் கலக்காதீர்கள். மேலே ஆக்சிஜன் உண்டு, எல்ஏஎஸ் தின்னப்படுகிறது. கீழே இல்லை.

எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். காற்றுப் பட்டதும் அதே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். அன்றைக்கே உறைய வைத்து, பிறகு உறைஉலர்த்தியில் காய வைப்பது நல்லது. ஈரப்பதம் பார்க்க 105 டிகிரியில் ஒரு தனிப் பங்கு. முடிவை உலர் எடையில்தான் சொல்ல வேண்டும். கரிமக் கார்பனும் அளந்து அதற்கு ஈடாகவும் ஒரு தடவை கணக்கிடுங்கள். மணல் மிகுந்த இடத்தில் குறைவாக வருவது சுத்தத்தின் அடையாளம் இல்லை, ஒட்டிக்கொள்ள மக்கு இல்லை என்று அர்த்தம்.

கோரை அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்தால் காலமும் தெரியும். சுவிட்சர்லாந்தில் கிரைஃபன்சே ஏரியின் படிவில் வால்டர் கீகரின் குழு நேர்ச்சங்கிலி வகையையும் அதற்கு முந்தின கிளைச்சங்கிலி வகையையும் பிரித்துக் கண்டது. 1950களில் ஐரோப்பிய ஆறுகளில் நுரை மிதந்ததற்குக் காரணம் அந்தக் கிளைச்சங்கிலி வகை, எளிதில் சிதையாது. மேற்கு ஜெர்மனியில் 1961இல் சட்டம் வந்து 1964இல் நடைமுறைக்கு வந்தது, அமெரிக்காவில் 1965இல் தொழில்துறையே மாறியது. ஏரி அடியில் அந்த மாற்றம் அப்படியே பதிந்து கிடக்கிறது.

மென்துணி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். துணிக்கு மென்மை தரும் திரவங்களில் இருப்பது நேர்மின் வகை, குவாட்டர்னரி அம்மோனியம். களிமண்ணின் எதிர்மின் தளங்களில் அது இன்னும் இறுக ஒட்டும். நியூயார்க் ஜமைக்கா விரிகுடாவின் படிவில் இதை நிறையக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பழைய வகையை 1990களின் தொடக்கத்தில் கைவிட்டு, எளிதில் உடையும் எஸ்டர் வகைக்கு மாறினார்கள். இது இந்த இழைக்கு எதற்கு என்றால், நேர்மின் வகையும் எல்ஏஎஸ்ஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் மெத்திலீன் நீலத்துக்கு இடம் இருக்காது, எண் குறைவாக வரும். மாணவியின் கறுப்புச் சேற்றில் சல்ஃபைடோடு இதுவும் இருக்கலாம். எதிரயனி கார்ட்ரிஜ் போட்டால் எல்ஏஎஸ் அதில் பிடிபட்டு நேர்மின் வகை கழன்று போய்விடும் என்பதால் நீலச்சாயம் மேடம் சொன்ன வழி இதற்கும் உதவும்.

பெண்ணைக்கரை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் பொறுமையாகப் படித்தேன். மண்ணை உலோகத்துக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு யோசனை. கோடையில் தண்ணீர் இறங்கும்போது அணையின் மேல்புறம் சேறு வெளியே தெரியும், காய்ந்து வெடிக்கும். அப்போது எடுப்பது சுலபம் என்று எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். நீங்கள் காற்றுப் பட்டால் சிதையும் என்கிறீர்கள். அப்படியானால் வெடித்த சேற்றில் எடுத்தால் குறைவாகத்தானே காட்டும்?

கழிமுகம் எழுதியது:

ஐயா, மிகச் சரியாகப் பிடித்தீர்கள். வெடிப்பின் வழியாகக் காற்று உள்ளே போகும், மேல் அடுக்கில் எல்ஏஎஸ் சிதைந்திருக்கும். லேப் அவ்வளவு சீக்கிரம் போகாது, எனவே ஒரே சேற்றில் லேப் நின்று எல்ஏஎஸ் குறைந்திருந்தால் அது காய்ந்து நனைந்த சேறு என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால், தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும் சேற்றில்தான் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, முதல் வெள்ளம் போன பிறகு அதே இடத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், மழையில் எவ்வளவு கிளம்பிப் போனது என்பதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

வண்டல்மாணவி எழுதியது:

அப்படியே செய்யப் போகிறேன் சார். மழைக்கு முன் எடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. முறையை முதலில் ஒப்பீட்டுக் குட்டையிலும் வாய்க்கால் சேற்றிலும் சரிசெய்துவிட்டு அணைக்குப் போகிறேன். பெண்ணைக்கரை ஐயா, அணையின் மேல்புறம் பரிசல் கிடைக்குமா என்று உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். சேறு எதுவும் போடாமல், வடிநீரை மட்டும் வைத்து முழு முறையையும் நடத்தினாலும் கொஞ்சம் நீலம் குளோரோஃபார்மில் இறங்குகிறது. கெமிக்கல் எல்லாம் புதுப் பாட்டில்தான்.

நீலச்சாயம் எழுதியது:

பிரிபுனலை எதை வைத்துக் கழுவுகிறீர்கள் மா? ஆய்வகத்தில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த நீலம் அதுதான். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சும்மா தண்ணீரில் அலசினால் போகாது. இந்த வேலைக்கென்று தனியாக ஒரு செட் கண்ணாடிச் சாமான் ஒதுக்கி, பக்கத்தில் டிடர்ஜென்டே போகாமல் பார்த்துக்கொள். வெந்நீர், அடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், வடிநீர், கடைசியில் மெத்தனால், இந்த வரிசையில் அலசு. அடைப்பான், ஸ்டாப்காக் இவற்றைக் கழற்றித் தனியாக அலச வேண்டும், இடுக்கில்தான் மிச்சம் நிற்கும். கை கழுவின ஈரத்தோடு புனலைத் தொடாதே, கையுறை போட்டுக்கொள். ஆய்வக உதவியாளரிடமும் சொல்லிவிடு. பாவம், சுத்தமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் சாயங்காலம் எல்லாவற்றையும் பொடி போட்டுக் கழுவி வைத்துவிடுவார். வெற்றுச் சோதனையின் எண் இறங்கி, நாளுக்கு நாள் மாறாமல் நின்ற பிறகு சேற்றைத் தொடு.